பழைய கார் வயர்லெஸ்: வாசகர் கேள்வி பதில்

1940களிலிருந்து 1970கள் வரை அமெரிக்காவில் போலீஸ் கார், டாக்ஸி, ஆம்புலன்ஸ், மின்வாரிய லாரி எல்லாவற்றிலும் டிக்கியில் ஒரு கனத்த இரும்புப் பெட்டி இருக்கும். டேஷ்போர்டுக்குக் கீழே மைக்கும் ஸ்பீக்கரும் மட்டும் தெரியும். மோட்டரோலா, ஜெனரல் எலக்ட்ரிக், ஆர்சிஏ, லிங்க் ஆகிய நிறுவனங்கள் செய்த அந்தப் பெட்டிகளின் டிரான்ஸ்மிட்டர் பகுதியைப் பற்றி வந்த கேள்விகளை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டோம்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): ஹாம் (அமெச்சூர் வயர்லெஸ்) சந்தையில் 6 வோல்ட் வால்வு செட் ஒன்று வாங்கினேன். 30 ஆம்பியர் பவர் சப்ளையில் இணைத்தால் ரிசீவர் நன்றாகக் கேட்கிறது. மைக் பட்டனை அழுத்தினால் ஒரு உறுமல், உடனே சப்ளை அணைந்துவிடுகிறது. செட்டில் ஷார்ட் இருக்கிறதா?

பதில்: ஷார்ட் இருக்க வேண்டும் என்பதில்லை. கணக்கைப் பாருங்கள். ஏரியலுக்கு 60 வாட் போக வேண்டும். கடைசி வால்வுகளின் திறன் 60 சதவீதம் என்றால், வால்வின் பிளேட் என்னும் முனைக்குள் 100 வாட் நுழைய வேண்டும். முன்னால் உள்ள நிலைகளுக்கும், வால்வின் இன்னொரு முனையான ஸ்கிரீனுக்கும் 30 வாட். இந்த 130 வாட்டையும் உயர் அழுத்த மின்சாரமாகத் தருவது, பேட்டரியில் சுழலும் டைனமோட்டர் என்ற மோட்டார். அதன் திறன் 55 சதவீதம் அளவில்தான். ஆக பேட்டரியிலிருந்து அது இழுப்பது 236 வாட். ஃபிலமென்ட்டுகளுக்கும் ரிலேக்களுக்கும் இன்னொரு 40 வாட். மொத்தம் ஏறக்குறைய 276 வாட்; 6.3 வோல்ட்டில் 44 ஆம்பியர். இது ஓடிக்கொண்டிருக்கும்போது. நின்றிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்தில் இதைப் போலப் பல மடங்கு இழுக்கும். உங்கள் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது, அவ்வளவுதான்.

நல்ல நிலையில் உள்ள 6 வோல்ட் கார் பேட்டரி ஒன்றை வைத்து, உங்கள் சப்ளையை அதற்கு சார்ஜராக மட்டும் பயன்படுத்துங்கள். பேட்டரியிலிருந்து வரும் கம்பியில் செட்டின் குறிப்பேடு சொல்லும் ஃபியூஸ் கட்டாயம் இருக்கட்டும். கம்பியின் தடிமனிலும் கஞ்சத்தனம் வேண்டாம். 5 மீட்டர் நீளத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டால் 45 ஆம்பியரில் ஏறத்தாழ 1 வோல்ட் கம்பியிலேயே போய்விடும். 12 வோல்ட் செட்டுக்கு அது பொறுக்கக்கூடிய இழப்பு. 6 வோல்ட்டில் ஆறில் ஒரு பங்கு. ஃபிலமென்ட் மங்கும், டைனமோட்டர் மெதுவாகச் சுற்றும், உயர் அழுத்தம் சரியும். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு கால் வோல்ட்.

இணைக்கும் முன் ஒன்று. அக்காலத்து 6 வோல்ட் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருந்தது. உங்கள் செட் எந்த முனைக்குக் கட்டப்பட்டது என்பதை வயரிங் படத்தில் பார்த்துவிட்டுத்தான் பேட்டரியைத் தொட வேண்டும்.

கேள்வி (டொராண்டோ): அந்த டைனமோட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யலாமா? பல வருடம் ஓடாதது.

பதில்: செய்தே ஆக வேண்டும். சுத்தம் செய்யாமல் முதலில் ஓட்டிப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. பேரிங்கில் உள்ள கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். மோட்டார் திணறும், பிரஷ் அடியில் தீப்பொறி பறக்கும், பிரஷ் உரசும் செம்புப் பட்டை வளையமான கம்யூட்டேட்டர் கருகும்.

டைனமோட்டர் என்பது ஒரே தண்டில் இரண்டு சுற்று. ஒரு முனையில் 6 அல்லது 12 வோல்ட் உள்ளே போகும், மறுமுனையில் 400, 600 வோல்ட் வெளியே வரும். இரு முனையிலும் தனித்தனி கம்யூட்டேட்டர், தனித்தனி கார்பன் பிரஷ். பிரஷ்களைக் கழற்றும்போது எது எந்தக் குழியில், எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் தன் இடத்தின் வளைவுக்குத் தேய்ந்திருக்கும். மாற்றிப் போட்டால் விளிம்பு மட்டும் தொட்டு பொறி வரும். பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, புதிய மெல்லிய கிரீஸ் கொஞ்சமாக வையுங்கள். நிறைய வைத்தால் சூட்டில் இளகி கம்யூட்டேட்டரில் வழியும்.

கம்யூட்டேட்டரை மிக நைசான கண்ணாடித்தூள் தாளால் தேய்க்கலாம். எமரித் தாள் ஆகாது. அதன் தூள் மின்சாரம் கடத்தும், செம்புப் பட்டைகளுக்கு நடுவே தங்கிப் பொறியைக் கிளப்பும். பட்டைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தைக் கூரான மரக்குச்சியால் துப்புரவு செய்யுங்கள். பிறகு உயர் அழுத்தப் பக்கத்தில் எதையும் இணைக்காமல் பத்து நிமிடம் ஓட்டுங்கள். சத்தம் சீராகி, பொறி அடங்கியபின் செட்டில் மாட்டுங்கள்.

அதற்கும் முன் செட்டில் உள்ள மெழுகுக் காகித மின்தேக்கிகளையும் எலக்ட்ரோலிட்டிக்குகளையும் மாற்றிவிடுங்கள். வெள்ளி மைகா மின்தேக்கிகளைத் தொட வேண்டியதில்லை, பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ரிசீவருக்கு வைப்ரேட்டர் சப்ளை (பேட்டரி மின்சாரத்தை அதிர்ந்து வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுப்பது) இருந்தால், டிரான்ஸ்ஃபார்மரின் உயர் அழுத்தச் சுற்றுக்குக் குறுக்கே உள்ள சிறு பஃபர் மின்தேக்கியை முதல் வேலையாக மாற்றுங்கள். அது ஷார்ட்டானால் வைப்ரேட்டரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்து எரிக்கும். மதிப்பை மாற்றாதீர்கள், 1600 வோல்ட் தாங்குவதாகப் போடுங்கள்.

ஒரு பெரிய எச்சரிக்கை. 600 வோல்ட், 200 மில்லிஆம்பியர் ஓர் ஆளைக் கொல்லப் போதும். டைனமோட்டர் நின்றபின்னும் ஃபில்டர் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கும். காப்பிட்ட பிடியுள்ள கம்பியில் ஒரு ரெசிஸ்டர் சேர்த்து, அதை வெளியேற்றி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): செட்டில் உள்ள கிரிஸ்டலில் 6 மெகாஹெர்ட்ஸ் சொச்சம் எழுதியிருக்கிறது. செட்டோ 150 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் வேலை செய்தது. எனக்கு 145.500 வேண்டும். கிரிஸ்டலுக்கு எப்படி ஆர்டர் கொடுப்பது?

பதில்: இந்த டிரான்ஸ்மிட்டர்களின் குணம் எல்லாமே இந்தப் பெருக்கலில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

கிரிஸ்டலின் அதிர்வில் அலையை உண்டாக்கும் சுற்றான கிரிஸ்டல் ஆஸிலேட்டர் குறைந்த அதிர்வெண்ணில் தொடங்கும். பிறகு ஒவ்வொரு வால்வும் அதை இரட்டிப்பாக்கியோ மும்மடங்காக்கியோ அடுத்ததற்குக் கொடுக்கும். உங்கள் செட் 24 மடங்கு வகை என்று தெரிகிறது. 145.500ஐ 24ஆல் வகுத்தால் 6.0625 மெகாஹெர்ட்ஸ். மூன்றால் பெருக்க 18.1875, இரட்டிக்க 36.375, மறுபடி 72.75, கடைசியாக 145.5. வேறு செட்களில் 12 மடங்கு உண்டு, 450 மெகாஹெர்ட்ஸ் செட்களில் 36 மடங்கு உண்டு. ஊகிக்க வேண்டாம். செட் வேலை செய்த அலைவரிசையை, இப்போதுள்ள கிரிஸ்டலின் எண்ணால் வகுத்துப் பாருங்கள். முழு எண் வரும்.

ஆர்டர் கொடுக்கும்போது எண் மட்டும் போதாது. உறை வகை, இணைக்கப்படும் மின்தேக்கத்தின் அளவு, வேலை செய்யும் வெப்பநிலை மூன்றும் சொல்ல வேண்டும். வெப்பநிலை ஏனென்றால், பல செட்களில் கிரிஸ்டல் 85 டிகிரி செல்சியஸில் வைக்கும் சிறு அடுப்புக்குள் இருக்கும். அதற்கென வெட்டிய கிரிஸ்டல் அடுப்பு சூடாகாதபோது இடம் தவறி நிற்கும். செட்டைப் போட்ட முதல் கால் மணி நேரம் அலைவரிசை நகர்கிறது என்றால் அது இயல்பு. அரை மணி கழித்தும் விலகியே இருந்தால் அடுப்பின் ஹீட்டரைச் சோதியுங்கள்.

துல்லியம் எவ்வளவு வேண்டும்? 0.0005 சதவீதம் என்றால் 145.5 மெகாஹெர்ட்ஸில் 728 ஹெர்ட்ஸ். கிரிஸ்டலில் அது வெறும் 30 ஹெர்ட்ஸ். ஆஸிலேட்டர் பக்கத்தில் உள்ள சிறு டிரிம்மரை மயிரிழை திருப்பினால் போதும், ஏரியலில் 24 பங்காகத் தெரியும்.

155 மெகாஹெர்ட்ஸில் இருந்த செட்டை 145.5க்கு இறக்கும்போது, கடைசி நிலைகளின் காயில்கள் எட்டாமல் போகலாம். காயிலுக்குள் திருகி நகர்த்தும் ஸ்லக் முழுக்க உள்ளே போயும் உச்சம் வராது. அதிர்வெண் விகிதத்தின் வர்க்கம் 1.135, ஆகவே அந்தச் சுற்றின் மொத்த மின்தேக்கம் 13.5 சதவீதம் கூட வேண்டும். மொத்தம் 15 பைக்கோஃபாரட் என்றால் 2 பைக்கோஃபாரட் சேர்த்தால் சரியாகிவிடும். காயிலைக் கலைத்துச் சுற்றாதீர்கள்.

கேள்வி (கோயம்புத்தூர், அதே வாசகர்): டியூன் செய்யும் வரிசை என்ன? பட்டனை அழுத்தியதும் கடைசி வால்வின் பிளேட் சிவக்கிறது.

பதில்: சிவந்தால் உடனே விடுங்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: முன்னால் உள்ள நிலைகளிலிருந்து டிரைவ், அதாவது கடைசி வால்வை இயக்கும் அலை, வரவில்லை. கடைசி வால்வு தனக்கு வேண்டிய நெகட்டிவ் பயாஸை (வால்வை அடக்கிவைக்கும் அழுத்தத்தை) தானே, அலை நுழையும் முனையான கிரிட்டின் மின்னோட்டத்தால், ஒரு ரெசிஸ்டருக்குக் குறுக்கே உண்டாக்கிக்கொள்கிறது. கிரிஸ்டல் இல்லை, அல்லது நடுவில் ஒரு நிலை டியூன் தவறியிருக்கிறது என்றால் கிரிட் மின்னோட்டம் இல்லை, பயாஸும் இல்லை. வால்வு முழுக்கத் திறந்துகொண்டு மின்சாரத்தைக் குடிக்கும். அதனால் கிரிஸ்டல் இல்லாத சானலில் பட்டனை அழுத்தவே கூடாது.

ஏரியல் இணைப்பில், ஏரியலுக்குப் பதிலாக, 100 வாட் தாங்கும் 50 ஓம் டம்மி லோடை மாட்டுங்கள். கடைசி நிலையின் பிளேட், ஸ்கிரீன் இரண்டுக்கும் போகும் சப்ளையைக் கழற்றிவையுங்கள். பிளேட்டை மட்டும் கழற்றினால் ஸ்கிரீன் எரியும். பக்கவாட்டில் பல துளையுள்ள மீட்டர் சாக்கெட் இருக்கும். ஒவ்வொரு துளையும் ஒரு நிலையின் கிரிட் மின்னோட்டத்தைக் காட்டும். ஆஸிலேட்டரில் தொடங்கி, அடுத்த நிலையின் கிரிட் மீட்டர் உச்சம் காட்டும்வரை திருப்புங்கள், பிறகு அடுத்தது. ஒன்றோடொன்று பிணைந்த இரட்டைக் காயில் என்றால் இரண்டையும் மாறி மாறி இரண்டு முறை பாருங்கள். திருப்ப பிளாஸ்டிக் கருவிதான். இரும்பு ஸ்குரூ டிரைவர் காயிலின் மதிப்பையே மாற்றிவிடும், எடுத்ததும் உச்சம் நகர்ந்திருக்கும். இறுகிய ஸ்லக்கை வலுக்கட்டாயமாகத் திருப்பினால் உடையும். ஹேர் டிரையரால் மெழுகை இளக்கிவிட்டுத் திருப்புங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. முதல் நிலையை மூன்று மடங்குக்குப் பதிலாக இரண்டு மடங்கில், 12.125ல் உச்சம் பிடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். அடுத்த காயில் 36.375ல் நிற்கிறது, அது 12.125ன் மும்மடங்கு. ஆகவே அந்த நிலை தானே மும்மடங்காக்கி, கடைசியில் 145.5 சரியாகவே வரும்! ஆனால் டிரைவ் பலவீனமாக இருக்கும், பக்கத்து அலைகளும் வெளியே கசியும். அலைவரிசை மீட்டர் சரி என்று சொல்லும், கிரிட் மீட்டர் மட்டும் உயராது. இப்படி ஆனால் ஒவ்வொரு காயிலையும், அது எந்த அதிர்வெண்ணில் நிற்கிறது என்று காட்டும் கிரிட் டிப் மீட்டரால் சோதிப்பது தவிர வழியில்லை.

கடைசி கிரிட்டில் போதுமான மின்னோட்டம், கடைசி நிலையில் 6146 வகை வால்வு என்றால் ஒன்றுக்கு 2.5 முதல் 3 மில்லிஆம்பியர், வந்த பிறகு சப்ளையை மீண்டும் இணையுங்கள். பட்டனை அழுத்தி, பிளேட் மின்னோட்டம் சட்டென்று குறையும் இடத்தைப் பிடியுங்கள்; இரண்டு மூன்று வினாடிக்குள் முடிய வேண்டும். பிறகு லோடிங்கை (ஏரியல் பக்கம் பவர் போகும் அளவை) கொஞ்சம் கூட்டி, மறுபடி அந்தப் பள்ளத்தைப் பிடித்து, குறிப்பேட்டில் உள்ள மின்னோட்டம்வரை படிப்படியாக ஏற்றுங்கள். அதற்கு மேல் இழுத்தால் மூன்று நான்கு வாட் கூடும், வால்வின் ஆயுள் குறையும். இந்தச் செட்கள் ஒரு நிமிடம் பேசி நான்கு நிமிடம் கேட்கும் கணக்கில் செய்யப்பட்டவை. பிறர் பேச்சை வாங்கித் தொடர்ந்து மறு ஒலிபரப்பும் ரிப்பீட்டர் வேலைக்கு அப்படியே போடக் கூடாது.

கேள்வி (சென்னை): நான் பேசினால் எதிரில் இருப்பவருக்குக் குரல் உடைகிறதாம், சத்தமாகப் பேசினால் நடுநடுவே அறுந்தே போகிறதாம். பவர் முழுதாக இருக்கிறது.

பதில்: பவரில் குறையில்லை, டீவியேஷன் அதிகம். பேச்சுக்கேற்ப அலைவரிசை இருபுறமும் விலகும் அளவுதான் டீவியேஷன். 1950களின் செட்கள் பக்கத்துக்கு 15 கிலோஹெர்ட்ஸ் விலகும்படி செய்யப்பட்டவை. சானல் நெருக்கடியால் பின்னர் அமெரிக்காவில் அது 5 ஆனது; 2013 ஜனவரி 1 முதல் 150, 450 மெகாஹெர்ட்ஸ் பகுதி வணிகச் சேவைகளுக்கு இன்னும் பாதியானது. உச்சக் குரல் 3 கிலோஹெர்ட்ஸ் என்றால், பழைய செட் பிடிக்கும் அகலம் 15ம் 3ம் சேர்ந்த 18ன் இரண்டு மடங்கு, அதாவது 36 கிலோஹெர்ட்ஸ். 5 கிலோஹெர்ட்ஸ் செட்டுக்கு 16. எதிரில் உள்ள ரிசீவரின் ஃபில்டர் 16க்கு மேல் வருவதை வெட்டுகிறது, அந்தக் கணத்தில், அலை சரியாக வராதபோது ஸ்பீக்கரை அடைக்கும் ஸ்குவெல்ச் மூடிக்கொள்கிறது.

செட்டில் டீவியேஷன் பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும். மோட்டரோலா செட்களில் அதன் பக்கத்தில் ஐடிசி என்று எழுதியிருக்கும். அளவுக் கருவி இல்லாமலே அதைத் துல்லியமாக வைக்க ஒரு வழி உண்டு. மைக் இணைப்பில் 2079 ஹெர்ட்ஸ் சுத்தமான டோன் கொடுங்கள். டம்மி லோடில் விட்டு, கணினியில் செருகும் மலிவு விலை எஸ்டிஆர் (மென்பொருளால் இயங்கும்) ரிசீவரில் அலைப்படத்தைப் பாருங்கள். டோனின் சத்த அளவை மெல்லக் கூட்டிக்கொண்டே போனால் நடுவில் நிற்கும் கேரியர் கோடு முதல் முறை மறையும் இடம் வரும். அப்போது டீவியேஷன் மிகச் சரியாக 5.0 கிலோஹெர்ட்ஸ், டீவியேஷன் டோன் அதிர்வெண்ணின் 2.405 மடங்காகும்போது கேரியர் மறைவது எஃப்எம்மின் கணித விதி. அந்த நிலையில் ரிசீவரின் டிஸ்கிரிமினேட்டரிலிருந்து (அலைவரிசை விலகலை ஒலியாக்கும் பகுதி) வரும் ஒலியின் உயரத்தை ஆசிலோஸ்கோப்பில் குறித்துக்கொண்டு, மைக்கில் உரக்கப் பேசினாலும் அதன் பத்தில் ஒன்பது பங்கைத் தாண்டாதபடி பொட்டென்ஷியோமீட்டரைக் குறையுங்கள்.

இந்தச் செட்களில் நேரடி எஃப்எம் கிடையாது. கிரிஸ்டலை இழுத்து அசைக்க முடியாது என்பதால், ஆஸிலேட்டருக்குப் பின் அலையின் கட்டத்தை (ஃபேஸ்) மட்டும் முன்பின் அசைப்பார்கள். கட்டத்தை அசைத்தால், ஒலி கீச்சாக இருக்க இருக்க டீவியேஷன் தானாகவே கூடும். அதைச் சமன் செய்யத்தான் ஐடிசி போன்ற சுற்றுகள் வந்தன: முதலில் கீச்சொலியை உயர்த்தி, பிறகு உச்சத்தை வெட்டி, பிறகு உயர்த்தியதைத் திரும்ப இறக்கி மாடுலேட்டருக்குக் கொடுப்பது. அந்தச் சுற்று இல்லாத மிகப் பழைய செட்களில் விசில் அடித்தால் பக்கத்து சானல்வரை போகும். 24 மடங்கு ஏன் என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. ஏரியலில் 15 கிலோஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் கிரிஸ்டல் பக்கத்தில் 625 ஹெர்ட்ஸ் போதும். 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அது 0.6 ரேடியன் கட்ட அசைவு, ஒரு வால்வால் குரலைக் கெடுக்காமல் செய்ய முடிவது ஏறக்குறைய அவ்வளவுதான்.

கேள்வி (டொராண்டோ): 6146 ஒன்று போய்விட்டது. கிடைப்பது 6146பி. ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றலாமா?

பதில்: 12 வோல்ட் செட்டில் இரண்டு ஃபிலமென்ட்டும் தொடராக இருந்தால் வேண்டாம். 6146 இழுப்பது 1.25 ஆம்பியர், 6146பி 1.125. தொடரில் போட்டு 12.6 வோல்ட் கொடுத்தால் பழையதற்கு 5.97, புதியதற்கு 6.63 வோல்ட் போகும். ஒன்று சோர்ந்திருக்கும், மற்றது வேகமாகத் தேயும். இரண்டையும் ஒரே வகையாக மாற்றுங்கள், மாற்றியபின் நியூட்ரலைசேஷனையும் (வால்வு தானே அலைபாயாமல் தடுக்கும் சரிக்கட்டல்) சரிபாருங்கள். 6883 என்பது 6146ன் 12.6 வோல்ட் ஃபிலமென்ட் வடிவம். குழிக்குள் பொருந்துகிறதே என்று போட்டுவிடாதீர்கள். இன்னொன்று, 6146க்கு முழுத் திறன் 60 மெகாஹெர்ட்ஸ்வரைதான். 150 பகுதியில் குறைந்த பிளேட் அழுத்தத்தில்தான் ஓட்ட வேண்டும். 40 மெகாஹெர்ட்ஸ் செட்டில் பார்த்த வாட்டை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): பேசும்போது முதல் எழுத்து எப்போதும் வெட்டுப்படுகிறது. புது டைனமிக் மைக் போட்டால் சத்தமே இல்லை.

பதில்: டைனமோட்டர் வேகம் பிடிக்க அரை வினாடியாவது ஆகும். பட்டனை அழுத்தி, ஒரு மூச்சு விட்டுப் பேசுங்கள். மைக் விஷயத்தில், அந்தச் செட் கார்பன் மைக்குக்கானது. செட்டே மைக்குக்கு மின்சாரம் கொடுத்து, அதன் ஏற்ற இறக்கத்தைக் குரலாக எடுக்கிறது. டைனமிக் மைக் தரும் சில மில்லிவோல்ட் அதற்குப் போதாது. அந்த மின்சாரத்திலேயே ஓடும் ஒரு டிரான்சிஸ்டர் பெருக்கியை மைக் உறைக்குள் வைத்தால் சரியாகும். பழைய கார்பன் மைக் மந்தமாக இருந்தால் உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுங்கள். இறுகிய கார்பன் மணிகள் பிரியும்.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவர்): கார் வயர்லெஸுக்கு ஏன் எஃப்எம்மைத் தேர்ந்தெடுத்தார்கள்?

பதில்: நியூ ஜெர்சியின் பயோன் நகரப் போலீஸ் 1933ல் இருவழி வயர்லெஸ் வைத்தபோது அது ஏஎம்தான். காரில் ஏஎம்முக்கு முதல் எதிரி அந்தக் காரின் ஸ்பார்க் பிளக். எஃப்எம் ரிசீவர் அலையின் உயரத்தை வெட்டித் தள்ளிவிடுவதால் அந்த வெடிச்சத்தம் அடங்குகிறது. ஒரே சானலில் இருவர் பேசினால் வலுவானது மட்டும் தெளிவாகக் கேட்கிறது. பேராசிரியர் டேனியல் நோபிள் வடிவமைத்து, ஃபிரெட் லிங்க் நிறுவனம் கருவி செய்து, 1940ல் கனெக்டிகட் மாநிலப் போலீஸ் எஃப்எம் வலையமைப்பை நிறுவியது. மற்ற மாநிலங்கள் அந்த வழியில் வந்தன. நோபிள் அதே ஆண்டு, பின்னாளில் மோட்டரோலா என்று பெயர் மாறிய கால்வின் நிறுவனத்தில் சேர்ந்தார்.

கேள்வி (சென்னை): டைனமோட்டர் தொல்லையே இல்லாத பழைய செட் எது? இங்கே ஏரியல் கட்டிப் பேசலாமா?

பதில்: மோட்டரோலாவின் மோட்ராக், 1958. பவர் சப்ளையும் ரிசீவரும் முழுக்க டிரான்சிஸ்டர்; டிரான்ஸ்மிட்டர் மட்டும் வால்வு. எஞ்சினை நிறுத்திவிட்டும் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பது அதன் பெரிய சிறப்பு. அதன் சப்ளை டிரான்சிஸ்டர்கள் பேட்டரி முனை மாறினால் ஒரு கணத்தில் போய்விடும், அதை மட்டும் கவனியுங்கள். 1970களில் வந்த முழு டிரான்சிஸ்டர் செட்களின் பவர் டிரான்சிஸ்டரை உடைக்கவோ அரத்தால் தேய்க்கவோ கூடாது. உள்ளே உள்ள வெள்ளைப் பீங்கான் பெரிலியம் ஆக்ஸைடாக இருக்கலாம், அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

இந்தியாவில் ஏரியலில் பேச அமெச்சூர் உரிமம் வேண்டும். உங்கள் செட் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும். உரிமம் வரும்வரை எல்லாச் சோதனையும் டம்மி லோடில் செய்யுங்கள். ஏரியல் கட்டும்போது 145.5க்குக் கால் அலை நீளம் 49 சென்டிமீட்டர். 51 வெட்டிக்கொண்டு, ஏரியலிலிருந்து திரும்பி வரும் பவரைக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரைப் பார்த்து அரை சென்டிமீட்டராக நறுக்குங்கள்.